மூன்று மூலைகளில் ஒரே அரையாண்டில் போர் திரும்பியது எப்படி?

காரிமங்கலம் ஆசிரியை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். தர்மபுரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். இரண்டாம் உலகப் போர்ப் பாடம் வரும்போது மிட்வே, எல் அலமைன், ஸ்டாலின்கிராடு என்று மூன்று பெயர்களையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, இவையே போரின் திருப்புமுனைகள் என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவது இத்தனை ஆண்டுகளாக என் வழக்கம். இந்த முறை கடைசி வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, ஒரு போருக்கு மூன்று திருப்புமுனை எப்படி இருக்க முடியும் என்று கேட்டாள். நான் பதில் யோசிப்பதற்குள், பலகையிலிருந்த ஆண்டுகளைக் காட்டி, மூன்றும் 1942 ஜூனுக்கும் நவம்பருக்கும் இடையில்தானே வருகின்றன, பசிபிக் கடலுக்கும் எகிப்துப் பாலைவனத்துக்கும் வோல்கா ஆற்றுக்கும் என்ன தொடர்பு என்று அடுத்த கேள்வியையும் போட்டாள்.

அமெரிக்கா போரில் சேர்ந்ததுதான் காரணம் என்று அப்போதைக்குச் சொல்லி வைத்தேன். ஆனால் ஸ்டாலின்கிராட்டில் அமெரிக்கப் படை ஏதும் போரிடவில்லை என்பது வகுப்பு முடிந்து வெளியே வந்தபோதே உறுத்தத் தொடங்கிவிட்டது. இது தற்செயலா, அல்லது மூன்றுக்கும் பொதுவாக ஏதேனும் உண்டா என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன்: நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்கும் இந்தப் போருக்கும் ஒட்டுறவு ஏதாவது உண்டென்றால் அதையும் எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வோல்காவைவிடத் தென்பெண்ணையிலிருந்து தொடங்கினால்தான் மனத்தில் நிற்கிறது.

ஊத்தங்கரை வாசகர் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். அந்த மாணவியின் கேள்வி, பல பெரிய நூல்கள் சுற்றி வளைத்துச் சொல்லும் விஷயத்தை நேராகத் தொட்டுவிட்டது. என் கருத்தில் இது தற்செயல் அல்ல. 1942 கோடைக்குள் ஜெர்மனியும் இத்தாலியும் ஜப்பானும் தங்கள் கை எட்டும் தூரத்தைத் தாண்டிப் போய்விட்டன. முன்னே நின்ற படைக்குப் பின்னாலிருந்து பெட்ரோலும் ரொட்டியும் குண்டும் வந்து சேர முடியாத தொலைவுக்குப் போன பிறகு, எந்த இடத்தில் எதிராளி நின்று அடித்தாலும் அந்த இடம் திருப்புமுனையாக ஆகக்கூடிய நிலை இருந்தது.

எல் அலமைனை முதலில் பாருங்கள், ஏனென்றால் அங்கே கணக்கு மிக எளிது. அலெக்ஸாந்திரியாவிலிருந்து அந்த இடம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். ஆங்கிலேயரின் துறைமுகமும் கிடங்கும் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தன. ஜெர்மன் தளபதி ரோம்மெலின் படைக்கோ, பெரிய துறைமுகமான திரிப்போலி ஏறத்தாழ 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. டோப்ரூக் துறைமுகம் அருகில் இருந்தாலும் அது சிறியது. அதன் மேல் விமானத் தாக்குதலும் ஓயவில்லை. இத்தாலியிலிருந்து கிளம்பிய எண்ணெய்க் கப்பல்களை, ஆங்கிலேயர் கையிலிருந்த மால்டா தீவிலிருந்து போன விமானங்களும் நீர்மூழ்கிகளும் வழியிலேயே மூழ்கடித்தன. தப்பி வந்த பெட்ரோலில் ஒரு பெரும் பங்கை அதை ஏற்றிவந்த லாரிகளே குடித்துத் தீர்த்தன. 1942 அக்டோபர் 23 இரவு ஆங்கிலேயத் தளபதி மான்ட்கோமரி தாக்கத் தொடங்கியபோது அவரிடம் ஆயிரத்துக்கு மேற்பட்ட டாங்கிகளும், எதிரியிடம் அதில் ஏறக்குறைய பாதியும் இருந்தன. அவசரப்படாமல் பன்னிரண்டு நாள் அரைத்தெடுத்தார். நவம்பர் 4ஆம் நாள் ரோம்மெல் பின்வாங்கினார். நம் நான்காவது இந்திய டிவிஷனும் ருவைசாத் மேட்டுப் பகுதியில் அந்த வரிசையில் நின்றது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லலாம்.

ஸ்டாலின்கிராடு இதைவிட நுணுக்கமானது. ஜெர்மனிக்கு அந்த ஊரைவிடக் காக்கசஸ் மலைப்பகுதியின் எண்ணெய்தான் முதலில் வேண்டியிருந்தது. 1942 கோடையில் தெற்கு நோக்கிப் புறப்பட்ட படையை ஹிட்லர் இரண்டாகப் பிரித்து, ஒன்றை எண்ணெய்க் கிணறுகளுக்கும் மற்றொன்றை வோல்காவுக்கும் அனுப்பினார். ஆகஸ்டில் மாய்க்கோப் கிடைத்தது. ஆனால் சோவியத் படை போகும்போது கிணறுகளை அழித்துவிட்டுப் போயிருந்தது. இந்தப் பிரிவினையால் நீண்டு கிடந்த பக்கவாட்டைக் காக்க ஜெர்மானியரிடம் ஆள் இல்லை. டாங்கிகளை எதிர்க்கத் தக்க பீரங்கிகள் போதாத ருமேனியப் படைகளை அங்கே நிறுத்தினார்கள். நகருக்குள் ஜெர்மனியின் ஆறாவது படை வீடு வீடாக, மாடி மாடியாகச் சண்டையிட்டுக்கொண்டிருந்தபோது, சோவியத் தளபதிகள் நகரத்துக்குள் தாக்குப்பிடிக்க வேண்டிய அளவுக்கு மட்டும் ஆள் அனுப்பிவிட்டு, மீதியை வெளியே திரட்டினார்கள். நவம்பர் 19இல் வடக்கிலும் மறுநாள் தெற்கிலும் அந்த ருமேனியப் படைகளையே உடைத்து, 23ஆம் நாள் கலாச் அருகே இரு முனையும் கைகோத்தன. ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் உள்ளே சிக்கினார்கள். 1943 பிப்ரவரி 2இல் எல்லாம் முடிந்தபோது கைதானவர்கள் ஏறத்தாழ 91,000 பேர். அவர்களில் பிற்காலத்தில் ஊர் திரும்பியவர்கள் ஐந்தாறாயிரம் பேர்தான்.

இங்கே வகுப்பில் காட்டத்தக்க சிறு விஷயம் ஒன்று உண்டு. சோவியத் ரயில் பாதையின் அகலம் 1,524 மில்லிமீட்டர், ஜெர்மன் பாதையின் அகலம் 1,435. அளவுகோலை வைத்துப் பார்த்தால் மூன்றரை அங்குல வித்தியாசம். இந்த மூன்றரை அங்குலத்துக்காகப் பிடித்த பாதை முழுவதிலும் ஒரு பக்கத் தண்டவாளத்தைப் பெயர்த்து நகர்த்தி ஆணியடிக்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் பிடிபட்ட சோவியத் வண்டிகளைத்தான் நம்பியிருக்க வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகள் மீட்டர் கேஜ், பிராட் கேஜ் என்ற பேச்சை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டிருப்பார்கள், உடனே பிடித்துக்கொள்வார்கள்.

மிட்வேக்கு நேரமிருந்தால் பிறகு எழுதுகிறேன்.

ஓசூர்க்காரர் எழுதியது:

ஊத்தங்கரை நண்பர் மிட்வேயைத் தள்ளிவைத்ததற்குக் காரணம் நேரமின்மை அல்ல, அது அவருடைய கணக்கில் அடங்காது என்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மிட்வேயில் ஜப்பானியர் பெட்ரோல் இல்லாமல் தோற்கவில்லை. அவர்களுடைய சங்கேதச் செய்திகளை அமெரிக்கர் ஓரளவு படித்துவிட்டார்கள். ‘ஏஎஃப்’ என்று குறிக்கப்படும் இடம் மிட்வேதானா என்று உறுதி செய்ய, அந்தத் தீவில் குடிநீர் எந்திரம் பழுதாகிவிட்டதாக வெளிப்படையாக ஒரு பொய்ச் செய்தியை அனுப்ப வைத்தார்கள். ‘ஏஎஃப்’இல் தண்ணீர்த் தட்டுப்பாடு என்று ஜப்பானியர் தங்களுக்குள் சொல்லிக்கொண்டதும் குட்டு உடைந்தது. பவளக்கடல் சண்டையில் அடிபட்டு வந்த அமெரிக்க விமானந்தாங்கி யார்க்டவுனை மூன்றே நாளில் ஒட்டுப்போட்டுக் கடலுக்கு அனுப்பினார்கள். 1942 ஜூன் 4 காலை சில நிமிடங்களுக்குள் அகாகி, காகா, சோர்யூ ஆகிய மூன்று ஜப்பானிய விமானந்தாங்கிகளும் தீப்பற்றின. நான்காவதான ஹிர்யூவுக்கு அன்று மாலையே முடிவு வந்தது. இதில் துப்பறிதலும் துணிச்சலும் அதிர்ஷ்டமும் உண்டு, சரக்கு லாரிக் கணக்கு இல்லை.

தமிழர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று: அந்த நான்கில் அகாகி, சோர்யூ, ஹிர்யூ ஆகிய மூன்றும் அதற்கு இரண்டே மாதம் முன்பு, ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பையும் 9ஆம் நாள் திருகோணமலையையும் தாக்க விமானங்களை அனுப்பியவை. இடையில் 6ஆம் நாள் வேறொரு ஜப்பானியக் கப்பல் அணியின் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு வீசின. சென்னையிலிருந்து மக்கள் கூட்டங்கூட்டமாக உள்நாட்டுக்குக் கிளம்பினார்கள், அரசு அலுவலகங்களும் இடம்பெயர்ந்தன. அதே ஏப்ரலில்தான், எங்கள் ஓசூர்ப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி, தேசிய அரசு உடனே அமைய வேண்டுமானால் முஸ்லிம் லீகின் பிரிவினைக் கோரிக்கையைக் கொள்கையளவில் ஏற்க வேண்டும் என்று சென்னை காங்கிரஸ் சட்டமன்ற உறுப்பினர்களிடம் தீர்மானம் கொண்டுவந்து, சில மாதங்களில் காங்கிரசைவிட்டே வெளியேறினார். வங்கக் கடலில் அந்தக் கப்பல்கள் வந்திராவிட்டால் அவர் அவ்வளவு அவசரம் காட்டியிருப்பாரா என்பது என் பழைய சந்தேகம்.

மற்றபடி திருப்புமுனை ஒன்றுதான் என்று கட்டாயப்படுத்தினால், 1941 டிசம்பர் 5 முதல் 11 வரையிலான ஒரு வாரத்தைச் சொல்வேன். 5ஆம் நாள் மாஸ்கோ வாசலில் சோவியத் எதிர்த்தாக்குதல் தொடங்கியது, 7இல் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ள் ஹார்பரை ஜப்பான் தாக்கியது, 11இல் ஹிட்லர் தாமாகவே அமெரிக்காமேல் போர் அறிவித்தார். அதற்குப் பிறகு நடந்தவையெல்லாம் வசூலிக்க வேண்டிய பாக்கி.

ஊத்தங்கரை வாசகர் எழுதியது:

ஓசூர் நண்பர் என்னைப் பிடித்துவிட்டார், ஒத்துக்கொள்கிறேன். அந்தக் காலைப் பொழுது சரக்குக் கணக்கில் அடங்காது. ஆனால் அது ஏன் திருப்புமுனையாக நிலைத்தது என்பது அடங்கும். நான்கு கப்பல் போனதும் ஜப்பானால் ஈடுகட்ட முடியவில்லை. அமெரிக்காவோ போர் முடிவதற்குள் எஸ்ஸெக்ஸ் வகையில் மட்டுமே பத்துக்கும் மேற்பட்ட பெரிய விமானந்தாங்கிகளைக் கடலில் இறக்கிவிட்டது. அன்று அமெரிக்கா தோற்றிருந்தாலும் இந்தக் கப்பல்கள் வந்தே இருக்கும்.

உங்கள் ‘பாக்கி வசூல்’ வாதத்தை மட்டும் ஏற்க முடியாது. மாஸ்கோவில் அடிபட்ட பிறகும் ஜெர்மனியால் அடுத்த கோடையில் வோல்கா வரை போக முடிந்தது. அட்லாண்டிக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடிப்பது 1942 முழுவதும் கூடிக்கொண்டே போனது. 1943 மே மாதத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட நீர்மூழ்கிகளை இழந்த பிறகுதான் ஜெர்மன் கடற்படைத் தலைவர் டோனிட்ஸ் அவற்றை வட அட்லாண்டிக்கிலிருந்து விலக்கினார். தோற்கப்போகிறவன் யார் என்பது 1941இலேயே எழுதப்பட்டுவிட்டது என்று பின்னால் நின்று சொல்வது சுலபம். அன்று அந்தக் கப்பல்களில் கோதுமை ஏற்றிக்கொண்டு போனவர்களுக்கு அது தெரியாது.

பென்னாகரத்தான் எழுதியது:

நீங்கள் எல்லோரும் நம் வீட்டு வாசலுக்கு அருகில் நடந்த திருப்புமுனையை விட்டுவிட்டீர்கள். 1944இல் பர்மாவிலிருந்து படையெடுத்து வந்த ஜப்பானியர் தோற்ற இம்பாலும் கோஹிமாவும் பத்தாம் வகுப்புப் பலகையில் இடம்பெற வேண்டும் என்பது என் நெடுநாள் மனக்குறை. 2013இல் லண்டனில் உள்ள தேசிய இராணுவ அருங்காட்சியகம் நடத்திய வாக்கெடுப்பில், பிரிட்டன் போரிட்ட போர்களிலேயே மிகப் பெரியது என்று அவை இரண்டும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டன. அங்கே போரிட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர்கள்.

என் தாத்தா பட்டாளத்துக்காரர். பெங்களூரில் இருந்த மதராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்து, திமாப்பூரிலிருந்து கோஹிமாவுக்கு ஏறும் சாலையில் மண் சரிந்த இடங்களைச் செப்பனிடும் வேலையில் இருந்தார். துப்பாக்கிச் சண்டையைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. மழையைப் பற்றித்தான் பேசுவார். சாலையோரம் அடித்த மரக்குச்சிகள் காலையில் இருந்த இடத்தில் மாலையில் இருக்காது, மலை முழுக்க ஒரு பக்கமாக நகர்ந்திருக்கும் என்பார். ஹொகேனக்கல் பக்கத்துக் கல்மலையைப் பார்த்து வளர்ந்த மனிதருக்கு, மலை நகரும் என்பது எண்பது வயதிலும் ஆறாத ஆச்சரியமாக இருந்தது.

ஜப்பானியத் தளபதி முத்தகுச்சியின் திட்டத்தை நான் பிற்காலத்தில் படித்துச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு நினைவிருக்கிறது. மூன்று வாரத்துக்கான உணவை மட்டும் கட்டிக்கொண்டு, ஆயிரக்கணக்கான மாடுகளைக் கூடவே ஓட்டிச் சென்று, சுமை தீரத் தீர அவற்றை அடித்துச் சாப்பிட்டுக்கொள்ளலாம், மீதியை இம்பாலில் உள்ள ஆங்கிலேயரின் கிடங்குகளைப் பிடித்துச் சமாளிக்கலாம் என்பது அந்தத் திட்டம். மாடுகளில் பல பர்மாவின் சிந்த்வின் ஆற்றைக் கடக்கும்போதே போயின, மீதி மலையேற மறுத்தன. எங்கள் வீட்டில் ஆலம்பாடி மாடு வைத்திருந்தவர்கள்; பழகாத மேட்டில் பழகாத ஆள் ஓட்டினால் மாடு படுத்துக்கொள்ளும் என்பது இங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். மாடு பிடிக்கவும் மீட்கவும் போய் மாண்டவர்களுக்கு ஊருக்கு ஊர் நடுகல் நிற்கிற பகுதி நம்முடையது. மாட்டை நம்பி ஒரு படை இம்பாலுக்குக் கிளம்பியது என்றால் தாத்தாவுக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்.

1944 ஏப்ரல் முதல் வாரத்தில் கோஹிமாவைச் சூழ்ந்த ஜப்பானிய டிவிஷனில் ஏறத்தாழ 15,000 பேர். எதிரே மேட்டில் இருந்தவர்கள் பணியாளர்களையும் சேர்த்து ஏறத்தாழ 2,500 பேர். துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்துக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் மற்றவர் என்று பதுங்குகுழி வெட்டிக்கொண்டு, கையெறி குண்டு எறியும் தூரத்தில் வாரக்கணக்கில் கிடந்தார்கள். தண்ணீர் ஊற்று எதிரியின் கைக்குப் போனபின் தண்ணீரையும் விமானத்திலிருந்துதான் போட வேண்டியிருந்தது. உணவு வரவே இல்லை என்று கண்ட ஜப்பானியத் தளபதி சாத்தோ, மேலிடத்து உத்தரவை மீறித் தம் ஆட்களைப் பின்னுக்கு அழைத்துப் போனார். ஜூன் 22இல் கோஹிமாவிலிருந்தும் இம்பாலிலிருந்தும் வந்த படைகள் சாலையின் 109ஆவது மைல்கல்லில் சந்தித்தன. படையெடுத்து வந்த ஏறத்தாழ 85,000 பேரில் பாதிக்கு மேல் மாண்டோ நோயில் விழுந்தோ காயப்பட்டோ போனார்கள். குண்டைவிடப் பசியும் வயிற்றுக்கடுப்பும் மலேரியாவும் கொன்றவை அதிகம்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர்கள் பலர் சேர்ந்திருந்தார்கள். அந்த இராணுவத்தின் பிரிவுகளும் இதே போரில் ஜப்பானியரோடு வந்து இதே பசியில் மாண்டன. மொய்ராங்கில் ஏப்ரல் 14இல் அவர்கள் கொடியேற்றினார்கள். இதை எந்தப் பக்கத்து வீரமாக வகுப்பில் சொல்வது என்பதை ஆசிரியை அவர்களின் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறேன். தாத்தா அவர்களைப் பற்றி ஒரு நாளும் இளக்காரமாகப் பேசியதில்லை.

காரிமங்கலம் ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று பெயர் எழுதிய பலகையில் இனி ஐந்தாறு எழுத வேண்டும் போலிருக்கிறது. ஓர் ஐயம் மட்டும். ஸ்டாலின்கிராட்டிலும் சிக்கிய படைக்கு விமானத்தில் உணவு போட்டதாகப் படித்திருக்கிறேன், இம்பால், கோஹிமாப் பக்கத்திலும் விமானத்திலிருந்து போட்டதாகச் சொல்கிறீர்கள். ஒன்று மாண்டது, மற்றொன்று பிழைத்தது. எந்த இடத்தில் வித்தியாசம்?

ஊத்தங்கரை வாசகர் எழுதியது:

அம்மா, இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கே இதுவரை தோன்றியதில்லை.

ஸ்டாலின்கிராட்டில் சிக்கிய படை நாளொன்றுக்கு 500 டன் கேட்டது. விமானப்படைத் தலைவர் கோரிங் தம் படை கொடுத்துவிடும் என்று ஹிட்லரிடம் வாக்குக் கொடுத்தார். போய்ச் சேர்ந்தது சராசரியாக நூறு டன் அளவே. காரணங்களில் முதலாவது பனிக்காலம்: எந்திரங்களைச் சூடேற்றித்தான் கிளப்ப வேண்டியிருந்தது. இரண்டாவது, விமானங்கள் கிளம்பிய தளங்களே நிலைக்கவில்லை. முக்கியத் தளமான தாட்சின்ஸ்காயாவை டிசம்பர் 24இல் சோவியத் டாங்கிகள் பிடித்துவிட்டதால், அதன் பிறகு ஒவ்வொரு நடையும் நீண்டுகொண்டே போனது. மூன்றாவது, வானம் அவர்களுடையதாக இல்லை.

இம்பாலில் எல்லாம் தலைகீழ். சமவெளிக்குள்ளேயே ஆறு விமானத்தளங்கள் இருந்தன, அவற்றில் இம்பாலும் பாலேலும் மழைக்காலத்திலும் பயன்படக்கூடியவை. விமானங்கள் கிளம்பிய வங்காள, அஸ்ஸாம் தளங்களை யாரும் தொட முடியவில்லை, ஜப்பானிய விமானப்படையோ அப்போது ஒடுங்கிப்போயிருந்தது. ஆங்கிலேயத் தளபதி ஸ்லிம், சண்டை தொடங்கும் முன்பே விமானங்களை நம்பித் திட்டம் போட்டவர். பர்மாவின் கடலோர அரக்கான் முனையிலிருந்து ஐந்தாவது இந்திய டிவிஷனைப் பீரங்கியோடும் கோவேறு கழுதையோடும் வானிலேயே தூக்கிக்கொண்டு வந்தார். சண்டையிடாத பல்லாயிரம் பேரை வெளியே அனுப்பி, உண்ணும் வாய்களையும் குறைத்தார். ஸ்டாலின்கிராட்டில் காயம்பட்டவர்களும் சில சிறப்புப் பணியாளர்களும் மட்டுமே விமானத்தில் வெளியேற்றப்பட்டார்கள்; படை பின்வாங்க ஹிட்லர் சம்மதிக்கவில்லை.

மொரப்பூர் வழிப்போக்கன் எழுதியது:

ரயில் பாதை அகலம் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். ஆசிரியை அவர்கள் கேட்ட உள்ளூர் ஒட்டுறவு உங்கள் பள்ளியிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. பஞ்சக் காலத்தில் தானியம் கொண்டுவர உதவும் என்று மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906இல் இரண்டரை அடி அகலத்தில் ஒரு குறுகிய பாதை போட்டார்கள். சில ஆண்டுகளில் அது ஓசூர் வரை நீண்டது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் அதே அகலத்தில் ஒன்று ஓடியது. நட்டத்தில் ஓடிக்கொண்டிருந்த இரண்டையும் 1941இல் போர்த் தேவையைக் காட்டி நிறுத்தித் தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். தர்மபுரி வழியாக மறுபடி ரயில் ஓட 1960களின் இறுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிருஷ்ணகிரி நகரத்துக்கு இன்றுவரை ரயில் திரும்பவில்லை. ஊத்தங்கரை நண்பர் ரஷ்யாவில் தண்டவாளம் நகர்த்திய கதையைச் சொன்னார். இங்கே நகர்த்தியவர்கள் திருப்பி வைக்கவில்லை.

காரிமங்கலம் ஆசிரியை எழுதியது:

மிக்க நன்றி ஐயா. என் மாமனார் சிறு வயதில் ‘சின்ன ரயில்’ என்று ஏதோ சொல்லக் கேட்டதாக அடிக்கடி சொல்வார், நான் அதை மெனக்கெட்டுக் கேட்டதில்லை. நாளை அவரிடம் உட்கார்ந்து எழுதிக்கொள்ளப் போகிறேன். பழைய பாதையின் மண்மேடோ சிறு பாலமோ மிஞ்சியிருக்கும் இடம் யாருக்காவது தெரிந்தால், பள்ளியிலிருந்து பிள்ளைகளை நடத்திக் கூட்டிப் போகக்கூடிய தூரத்தில் உள்ளதாகப் பார்த்துச் சொல்லுங்கள். கேள்வி கேட்ட பெண்ணின் கையில் அளவு நாடாவைக் கொடுத்து இரண்டரை அடியை அளக்கச் சொல்ல வேண்டும்.